தங்கைக்காகக் குறைத்த எட்டு கிலோ

என் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று நாற்பத்தாறு வயதுவரை நான் யோசித்ததே இல்லை. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவன், விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், வேறு எப்படி இருப்பான் என்று விட்டுவிட்டேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டியபோதுதான், அது வயிற்றோடு நிற்கவில்லை, ஈரலுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

அந்த ஈரலில் ஒரு பகுதியைத்தான் என் தங்கைக்குக் கொடுப்பதாக இருந்தேன்.

தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். கெட்ட பழக்கம் என்று சொல்ல அவளிடம் வெற்றிலைகூடக் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவள் ஈரலை எதிரியாக நினைத்துத் தின்றுகொண்டிருக்கிறது என்றார்கள். எனக்கு அது இன்றுவரை சரியாகப் புரியவில்லை. மாத்திரையில் தாக்குப்பிடிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றபோது மாப்பிள்ளையின் ரத்த வகை சேரவில்லை. மூத்த பெண் நான் தருகிறேன் என்றாள். அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். பிள்ளையின் வயிற்றைக் கிழித்துத்தான் நான் உயிரோடு இருக்க வேண்டுமா என்று தங்கை ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை. ரத்த வகை சேர்ந்தது. மற்றதெல்லாம் சேர்ந்தது. கொழுப்பு மட்டும்தான் குறுக்கே நின்றது.

இந்த ஈரலை இப்படியே எடுக்க முடியாது, எடுத்தால் உங்களுக்கும் ஆபத்து, உங்கள் தங்கை உடம்பிலும் சேராது என்று டாக்டர் சொன்னார். ஆனால் உடம்பு இளைத்தால் ஈரலில் இருக்கிற கொழுப்பும் கரையும், மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் போதும் என்றார். சோற்றைக் குறைக்கச் சொன்னார், எண்ணெயையும் இனிப்பையும் விடச் சொன்னார். என்ன உடற்பயிற்சி செய்யட்டும் என்று கேட்டேன். வேக நடை, சைக்கிள், நீச்சல், எது உங்களால் தினமும் செய்ய முடியுமோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்றார். முக்கால் மணி நேரம். மூச்சு எந்த அளவுக்கு வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி சொன்னார்: செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் தங்கை உயிருக்குப் போராடுகிறாள், இந்த ஆள் என்னை நடக்கச் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்றான் ஒருவன். இல்லை, மெதுவாக நீண்ட நேரம் செய்தால்தான் கொழுப்பு எரியும், வேகமாகச் செய்தால் சர்க்கரைதான் எரியும் என்றான் இன்னொருவன். வெறும் வயிற்றில் என்றான் ஒருவன், கூடவே கூடாது என்றான் மற்றவன். எல்லோரும் வயிறு ஒட்டிய இருபத்தைந்து வயதுக்காரர்கள். மூன்று மாதத்தை ஒரு மாதமாக்கிவிடலாம் என்ற ஆசையில் நான் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்பதாவது நாள் வலது முழங்கால் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியது. உங்கள் எடைக்கு யார் உங்களை ஓடச் சொன்னது என்று எலும்பு டாக்டர் திட்டினார். பதினைந்து நாள் கால் நீட்டிக் கிடந்தேன். பிறகு நீச்சல். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்கு இதமாக இருந்தது, ஆனால் கரையேறியதும் வருகிற பசியை என்னால் அடக்க முடியவில்லை. நான்கு இட்லி சாப்பிட வேண்டியவன் எட்டு சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. கம்பத்தில் ஒரு ஜிம்முக்குப் போய் மெஷினில் ஓடாமல் நடந்து பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பது மூன்றாவது நாளே வெறுத்துவிட்டது. கடைசியில் டாக்டர் முதலில் சொன்ன நடைக்கே வந்து சேர்ந்தேன். அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அதிகாலையில் எழுந்து சுருளிப்பட்டி ரோட்டில் நடப்பது, அங்கிருந்து திரும்பி வருவது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நல்ல காற்று, சமமான ரோடு. நடப்பதற்கு அதைவிட நல்ல பாதை கிடைக்காது. ஒரே ஒரு சங்கடம்தான், அந்த ரோட்டில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் தெரிந்த மனுசன் ரோட்டில் நடந்துபோனால் வண்டியில் போகிறவர் நிறுத்தாமல் போக மாட்டார். நிறுத்தாமல் போனால் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். நிறுத்தியும் ஏறாமல் விட்டால் அதைவிடப் பெரிய மனஸ்தாபம். அந்த ரோட்டில் தோட்டத்துக்குப் போகிற அத்தனை பேரும் என் கடையில் உரமும் மருந்தும் வாங்குகிறவர்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பேன். சுகரா, இந்த வட்டாரத்தில் யாருக்குத்தான் இல்லை, ஏறுங்கள் என்பார்கள். வேண்டாம் என்று மறுபடி சொன்னால் வண்டியை முதல் கியரில் போட்டு என் கூடவே உருட்டிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் வீணாகிறதே, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறானே என்று எனக்குத்தான் கூச்சமாகப் போகும். ஏறிவிடுவேன். போகும்போது ஒருவரிடம் தப்பித்தால் வரும்போது இன்னொருவர். முக்கால் மணி நேர நடையில் பத்து நிமிடம்தான் என் காலில் நடந்திருப்பேன். காலையில் தங்கை போன்போட்டால் மட்டும், நடந்துகொண்டிருக்கிறேன் என்பேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் வழியில்லை. மூத்தவளுக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் சின்னமனூர்ப் பக்கத்துக் குடும்பம். பெண்ணின் அம்மாவுக்கு ஈரல் போய்விட்டது என்று காதில் விழுந்தால், பிள்ளைக்கும் வரும் என்று கைகழுவிவிடுவார்களோ என்று தங்கைக்குப் பயம். கல்யாணம் உறுதியாகும்வரை ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது என்று என்னிடமும் என் மனைவியிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். உரக்கடையில் சொன்ன சேதி சாயங்காலத்துக்குள் சின்னமனூர் போய்விடும்.

என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "மாதாவுக்கு நேர்ச்சைன்னு சொல்லிட்டு நடங்க. ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டாக."

அவள் சொன்னது சரிதான். நேர்ச்சைக்காக நடப்பவரை எங்கள் பக்கம் யாரும் வண்டியில் ஏறச் சொல்வதில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தாலும் பழனிக்கு நடந்தாலும் ஒன்றுதான். செருப்பில்லாமல் நடக்கிறவரைக் கண்டால் எந்தச் சாதி, எந்த மதத்துக்காரரும் வண்டியை ஒதுக்கி வழிவிட்டுப் போவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், மாதா பேரைச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கத்தினேன். உண்மையாகவே நேர்ந்துகொண்டு நடங்கள், அப்புறம் எப்படிப் பொய்யாகும் என்றாள் அவள். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கத்தினேன். ஊருக்கெல்லாம் வெல்லம், எனக்கு மட்டும் மிளகாய் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நானும் ஒரு நாள் துணிந்துதான் கிளம்பினேன். இன்று யார் நிறுத்தினாலும் ஏறுவதில்லை என்று முடிவுசெய்து, தலையைக் குனிந்தபடி வேகமாக நடந்தேன். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு வருடமாக என்னோடு பேசாத ஒரு தோட்டக்காரர். செவட்டை நோய்க்கு நான் கொடுத்த மருந்து கேட்கவில்லை, அறுப்புக்கு நின்ற திராட்சை போய்விட்டது என்று கடைவாசலில் நின்று என்னை ஏசிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் வண்டியை நிறுத்தி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏறுங்கண்ணே. எத்தன நாளைக்கித்தேன் இப்பிடியே இருக்கது."

அந்த மனுசனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். சுருளிப்பட்டியில் டீக்கடையில் நிறுத்தி, சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். அதற்கடுத்து தினமும் அவர் எனக்காக நேரம் பார்த்து வர ஆரம்பித்தார்.

அந்த நாட்களில்தான் சின்னமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நானும் தேவதானப்பட்டிக்குப் போயிருந்தேன். தங்கை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், கண் ஆபரேஷன் என்று வந்தவர்களிடம் சொன்னோம். முழுக்கை ரவிக்கை போட்டு, வீங்கிய காலைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கார் கிளம்பியதும் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் மஞ்சள் கரைத்த தண்ணீராக இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, ஒங்களால முடியலைன்னா விட்ருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கிற மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பற்றி என்ன நினைத்தாய், கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா என்று சத்தம் போட்டேன். குற்றம் உள்ள நெஞ்சு அல்லவா, குரல் தானாக உயர்ந்துவிட்டது. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மூன்று மாதம் முடிந்து இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஈரல் ஏறக்குறைய அப்படியே இருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தினமும் நடந்தீர்களா என்று கேட்டார். என் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள் தவறாம நடந்தேன் டாக்டர்" என்றேன்.

மாதா பேரில் பொய் சொல்ல மாட்டேன் என்று வீட்டில் குதித்தவன் நான். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, சிலர் உடம்பு லேசில் கரையாது, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், ஆனால் உங்கள் தங்கையின் நிலைமை அதிக நாள் காத்திருக்கிற மாதிரி இல்லை என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விடியும்முன் பைக்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து லோயர் கேம்புக்குப் போனேன். ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, குமுளிக்கு ஏறுகிற மலைரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் உறுமிக்கொண்டு போயின. ஒரே ஒரு ஜீப்காரர் வேகத்தைக் குறைத்து, ஏறுகிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அடுத்த வார்த்தை பேசாமல் போய்விட்டார். தெரியாத மனுசனிடம் வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு லேசாக இருந்தது. அந்த இடத்திலேயே நின்று என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேட்டில் ஏறுவதால் ஓடாமலே மூச்சு வாங்கியது. முழங்காலுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டேன். கரன்ட் எடுக்கத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சசக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவது தெரிகிற வளைவுவரை முதல் வாரம், அதற்கடுத்த வளைவுவரை அடுத்த வாரம். டாக்டர் சொன்னதைச் சோதிக்க, ஆள் இல்லாத இடத்தில் ஒரு கோயில் பாட்டைப் பாடிப் பார்ப்பேன். இரண்டாவது அடியில் குரல் நின்றுவிடும். அதில் ஒரு சந்தோஷம். சனி ஞாயிறு என்று பார்க்கவில்லை, மழைக்கும் நிற்கவில்லை. இராத்திரிச் சோற்றை விட்டேன். தோட்டக்காரர் கடைக்கு வந்து ஏன் வருவதில்லை என்று கேட்டார். ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஏழு வாரம். மூன்றாவது ஸ்கேனுக்குப் போனபோது மொத்தம் எட்டு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ஈரல் நன்றாக ஆகிவிட்டது, இனி எடுக்கலாம் என்றார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் எல்லாம் போட்டேன். மாப்பிள்ளை தங்கைக்குப் போன்போட்டுச் சொன்னார். அவள், அண்ணனை முதலில் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள் என்றாள்.

ஆபரேஷனுக்குத் தேதி வருவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றில் கட்டியிருந்த தண்ணீரில் கிருமி சேர்ந்துவிட்டது. காய்ச்சல் நின்றால்தான் அறுக்க முடியும் என்றார்கள். நிற்கவில்லை. அடுத்து சிறுநீரகம் நின்றது. பன்னிரண்டு நாள் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தேன், எனக்குள்ளே அவளுக்குச் சுத்தமான ஈரலை வைத்துக்கொண்டு. பதின்மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு எங்கள் ஊரே தேவதானப்பட்டிக்கு வந்தது. என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், தங்கச்சியை நினைத்து நினைத்து மனுசன் பாதியாகிவிட்டாரே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். காலர் கழுத்தில் நிற்காமல் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. கல்லறையில் மண் போடும்போதுகூடக் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை எழுந்து நின்றார். சின்னமனூர்க்காரர்கள் உட்பட எல்லோரும் இருந்தார்கள். பெண்ணை அவர்கள் விடவில்லை, வருடம் திரும்பியதும் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இனி மறைக்க ஒன்றுமில்லை. தன் சம்சாரத்துக்கு ஈரல் தருவதற்காக மச்சான் மாதக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் நடந்தார், எட்டு கிலோ இளைத்தார், தனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வயதானவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தத் தோட்டக்காரரும் பந்தியில் இருந்தார். இலையில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வண்டிய நிப்பாட்டிருப்பேனாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

என் தப்பை இன்னொரு மனுசன் சுமந்துகொண்டு போவதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னும் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், தனியாகத் தேவதானப்பட்டி போனேன். பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். முன்னறையில் மாப்பிள்ளையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியில் ஏறியது, வடை தின்றது, டாக்டரிடம் பொய் சொன்னது எல்லாம். அந்த நாட்களில் ஒழுங்காக நடந்திருந்தால் காய்ச்சல் வரும்முன் ஆபரேஷன் முடிந்திருக்கும், உங்கள் சம்சாரத்தை நான்தான் கொன்றேன் என்றேன்.

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"தெரியும் மச்சான்" என்றார். "காலையில ஒங்களுக்குப் போன் போடுவாள்ல. நடந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுவீக. பின்னால வண்டிச் சத்தம் கேக்கும். ஸ்பீக்கர்ல போட்டுத்தேன் பேசுவா, நானும் பக்கத்துல இருந்து கேட்ருக்கேன்."

பிறகு ஏன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"நான் கேக்கத்தேன் நெனச்சேன். அவ விடல. எங்க அண்ணனுக்கு யார்கிட்டயும் மாட்டேன்னு சொல்லத் தெரியாது, தெரிஞ்சிருந்தா எங்கிட்டயும் மாட்டேன்னுதேன் சொல்லிருப்பாகன்னா. முப்பதாம் நாள் நான் பேசுனதும் அவ சொல்லிட்டுப் போனதுதேன். எங்க அண்ணன் நடந்தத நாலு பேர் முன்னால சொல்லுங்க, ஒரு நாள் கொறச்சுச் சொல்லிறாதீகன்னா."

அவள் செத்து ஐம்பது நாளுக்குமேல் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் நான் அழுதேன். மாப்பிள்ளை எழுந்துபோய், பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்க, உள்கதவைச் சாத்தினார்.